கலக்காத பசை

ஊன்றுகோல்களின் கைப்பிடி வியர்வையில் வழுக்க, அந்த அறைக்குள் வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "கதவைத் தாழ் போட்டுக்கலாமா?" என்பதுதான்.

கதவைத் திறந்துவிட்டவன் தாழைப் போட்டான். கேட்காமலே ஜன்னல் கொக்கியையும் மாட்டினான். "யாராவது பின்னாடியே வர்றாங்களா? சொல்லுங்க, ஓடிப்போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று சட்டைக் கையை மடித்தான்.

"உக்காரு மாப்ளே. முதல்ல அவங்க உக்காரட்டும்" என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர்.

அவரை எல்லோரும் விரிசல்காரர் என்பார்கள். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் உடைந்த பொருள்களை ஆராய்வதுதான் அவருடைய வேலையாக இருந்தது. ஏணி ஏன் முறிந்தது, லிஃப்ட் கயிறு ஏன் அறுந்தது, பிரஷர் குக்கர் ஏன் வெடித்தது என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அவரைத் தேடி உடைசல்கள் வந்தன. கூடவே பயந்த மனிதர்களும் வந்தார்கள். கதவைத் திறந்தவன் அவருடைய மனைவியின் தம்பி. பஸ் கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு அத்தானுக்கு உதவியாளனாகத் தன்னைத்தானே நியமித்துக்கொண்டவன். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, ஊருக்கு அவன் 'அவசரம்'.

அவள் உட்கார்ந்தாள். புடவையின் ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே காலியாகத் தொங்கியது. தோளில் மாட்டியிருந்த துணிப்பையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதுக்குள்ள என் கால் இருக்கு" என்றாள். "என் வீட்டுக்காரர் என்னைக் கொல்லப் பார்க்கறார்னு நினைக்கறேன்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் அவளுக்கே தெரிந்தது. பிறகு அழுதுவிட்டாள். அவசரம் தண்ணீர் கொண்டு வந்தான். டம்ளரை வாங்கியவள் அதற்குள் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தாள். முந்தாநாளிலிருந்து அவளுக்கு அது பழக்கமாகியிருந்தது.

அச்சகத்தில் பிழை திருத்துவது அவள் வேலை. அதனாலோ என்னவோ, நடந்ததை முன்பின் மாறாமல் வரிசையாகச் சொன்னாள். கணவனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது நடந்த விபத்தில் போனது அந்தக் கால். ஓட்டியவனுக்குச் சிராய்ப்புதான். அதன் பிறகு அவன் அதிகம் பேசுவதில்லை. அவளும் அந்த பைக்கில் ஏறியதில்லை. செயற்கைக் கால் வந்த பிறகு நடக்கப் பழகி, மாடி வீட்டுப் படியில் இறங்கப் பழகி, வேலைக்கும் போய்க்கொண்டிருந்தாள்.

முந்தாநாள் காலையில் வேலைக்குக் கிளம்பிப் படியின் உச்சியில் நின்றாள். கீழே மாமனாரின் பள்ளி வேன் ஹாரன் அடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தது. மகள் எப்போதும்போல முன் சீட்டில் ஏறியிருந்தாள். அது அவளுடைய இடம். தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து, வழி நெடுக சிக்னலின் நிறத்தைப் பாட்டாகப் பாடிக்கொண்டு போவது அவர்கள் இரண்டு பேருக்குள் ஒரு விளையாட்டு. வேன் தெருமுனை திரும்பும்வரை கேட்கும் அந்தச் சின்னக் குரலுக்காகவே அவள் தினமும் அங்கே கொஞ்சம் நிற்பாள். அதை இங்கே சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

"முதல் படியில காலை வெச்சேன். கால் அங்கயே நின்னுடுச்சு, நான் மட்டும் போறேன். அப்படித்தான் இருந்தது. கம்பியைப் பிடிச்சேன். பாதிப் படியில தோள் இடிச்சு நின்னேன். கால் மட்டும் கீழ வரைக்கும் உருண்டு போச்சு."

"யாரு முதல்ல வந்தாங்க?"

"அவர்தான். கீழேயிருந்து ஓடி வந்தார். ஆனா சார்..." அவள் குரல் இறங்கியது. "அவர் என்னைத் தூக்கலை. முதல்ல அந்தக் காலைத்தான் எடுத்தார். உடைஞ்ச இடத்தைப் பார்த்தார். மூஞ்சி வெளிறிப் போச்சு. அப்புறம்தான் என்கிட்ட வந்தார். வந்து என்ன சொன்னார் தெரியுமா? 'இதை யார்கிட்டயும் காட்டாதே. காலைச் செஞ்ச பட்டறைக்குப் போன் பண்ணாதே. நான் தூக்கிப் போட்டுடறேன்'னார்."

அவசரம் அத்தானைப் பார்த்தான். 'முடிஞ்சது கேஸ்' என்று அவன் கண் சொன்னது.

"அவர் என்ன வேலை பார்க்கறார்?"

"படகுப் பட்டறையில ஃபைபர் வேலை. உலோகத்தையும் ஃபைபரையும் ஒட்டறதுதான் சார் அவருக்குப் பொழைப்பே. எது எவ்வளவு நாள் தாங்கும்னு அவருக்குத் தெரியாம இருக்குமா? பரண்ல ஒளிச்சு வெச்சிருந்தார். இன்னிக்கு அவர் போனதும் எடுத்துட்டு வந்துட்டேன்."

விரிசல்காரர் பையைப் பிரித்தார். முழங்காலுக்குக் கீழே மாட்டும் கறுப்பு கார்பன் கிண்ணம் ஒரு துண்டு. அலுமினியக் குழாயும் அதன் அடியில் பிளாஸ்டிக் பாதமும் இன்னொரு துண்டு. தோல் நிற உறையை உரித்தார். குழாயின் நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். நகத்தால் ஓர் இடத்தை அழுத்தினார். பிறகு கிண்ணத்தின் குழிக்குள் சுண்டு விரலை விட்டு வெகு நேரம் தடவினார்.

"கால் பட்டறை நம்பர் இருக்கா?"

பட்டறையில் அவள் காலை ஒட்டிய பெண்ணே போனை எடுத்தாள். அவர் கேட்டது ஒரே கேள்வி: பசை என்ன நிறம்?

"தேன் நிறம் சார். சூட்டுல காய வெச்சு, ரெண்டு ஆள் எடை தொங்கவிட்டுப் பார்த்துட்டுத்தான் கொடுத்தேன். ஏன், என்னாச்சு? அவங்க நல்லா இருக்காங்களா?"

போனை வைத்துவிட்டு அவர் குழாயை அவள் பக்கம் திருப்பினார். "பாருங்க. இங்க தேன் நிறமா தெரியுது?"

இல்லை. குழாயைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாக ஒரு பசை அப்பியிருந்தது.

"இந்தக் கால் ரெண்டு தடவை உடைஞ்சிருக்கு. முதல் தடவை உடைஞ்சப்போ தேன் நிறப் பசை. உள்ளே ஆழத்துல அதோட மிச்சம் இன்னும் இருக்கு. பக்கவாட்டுல பலமா ஏதோ அழுத்தி முறிஞ்சிருக்கு. நடக்கறதால அப்படி முறியாது. அதுக்கப்புறம் யாரோ இந்தப் பசையைப் போட்டு ஒட்டியிருக்காங்க. அது எபாக்சி. ரெண்டு ட்யூப்ல வரும். ஒண்ணு ரெசின், ஒண்ணு ஹார்ட்னர். தனித்தனியா வெச்சா ரெண்டும் வெறும் களிம்பு. கலந்தாத்தான் கல்லு."

"இது கலக்கலையா?"

"பாதிதான் கலந்திருக்கு. கலந்த இடம் கல்லாயிருக்கு. கலக்காத இடம் இன்னும் பிசுபிசுன்னு இருக்கு. கொஞ்ச நாள் தாங்கும். அப்புறம் ஒரு நாள் படியில விட்டுடும்."

அவசரம் எழுந்தே விட்டான். "அதேதான் அத்தான்! வேணும்னே அரைகுறையாக் கலந்திருக்கான். வேலை தெரிஞ்சவன் செய்யற வேலை!"

"கொல்லணும்னு நினைக்கறவன் எதுக்கு மாப்ளே ஒட்டணும்?"

"ஒட்டாம விட்டா மாட்டும்போதே தெரிஞ்சுடுமே! பாதி ஒட்டினாத்தானே படியில காலை வாரும்?"

விரிசல்காரர் குழாயை மறுபடி ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். "அதுவும் நியாயமான கேள்விதான்" என்றார். அவள் துணிப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இவராவது இல்லையென்று சொல்வார் என்று நினைத்திருந்தாள்.

"உங்க வீட்டைப் பார்க்கணும்மா. யார் இருப்பாங்க இப்போ?"

"மாமனார் மட்டும்தான். மத்தியானம் வேன் எடுக்கற வரைக்கும் வீட்லதான் இருப்பார். நல்ல மனுஷன் சார். முன்னாடி வண்டிக்குப் பாடி கட்டற மெக்கானிக்கா இருந்தவர். என்னைச் சொந்தப் பொண்ணு மாதிரி பார்த்துக்கறார். அவர்கிட்ட இதெல்லாம் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டார்."

*

தன் வீட்டுப் படியையே ஏற அவளுக்குப் பயமாக இருந்தது. ஒவ்வொரு படிக்கும் ஊன்றுகோலை வைத்து, தாங்குகிறதா என்று பார்த்து, பிறகுதான் உடம்பைத் தூக்கினாள். பின்னால் அவசரம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான்.

"கால் பட்டறை சார்பா பார்க்க வந்திருக்காங்க மாமா" என்றாள் உள்ளே நுழைந்ததும்.

"வாங்க, வாங்க" என்று மாமனார் எழுந்தார். திடமான உடம்பு, சவரம் செய்த முகம், துவைத்து மடித்த சட்டை. "பாவம், மருமக விழுந்துட்டா. நல்ல வேளை, பெரிசா ஒண்ணும் ஆகலை" என்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இருங்க, டீ போடறேன்" என்று சமையலறைக்குப் போய்விட்டார். தன் வீட்டில் எது எங்கே என்று அவர் கைக்குத் தெரியும். அடுப்பு, டப்பா, கரண்டி எதற்கும் அவர் தடுமாறவில்லை.

டம்ளர்களில் டீயை ஊற்றும்போது ஆள்காட்டி விரலை விளிம்புக்கு உள்ளே கொக்கிபோல வளைத்து வைத்திருந்தார். டீ விரல் நுனியைத் தொட்டதும் ஊற்றுவதை நிறுத்தினார். அவசரம் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். தன் டம்ளரை மெதுவாக மேஜை ஓரத்துக்குத் தள்ளி வைத்தான். விரிசல்காரர் மட்டும் முழுவதும் குடித்தார்.

"உங்க பையனோட சாமான் எல்லாம் எங்க இருக்கு?"

"பின் ரூம்ல அலமாரியில. பாருங்க. நான் கிளம்பணும், ஸ்கூல் விடற நேரம்." சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைத் தொட்டபடி அவர் படியிறங்கிப் போனார்.

பின் அறை அலமாரியில் உப்புத்தாள், தூரிகை, துணி, திருப்புளி எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. ஒரு டப்பாவில் இரண்டு ட்யூப்கள் இருந்தன. ஒன்றின் மூடியைத் திறந்தால் வெள்ளை, இன்னொன்றில் கறுப்பு. அதே பசைதான். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். மனதில் எங்கோ ஒரு மூலையில் 'வேறு யாராவது இருக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டிருந்த குரலும் அடங்கிப்போனது.

அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். உடம்பு தானாகவே அறையின் மூலைக்கு நகர்ந்தது.

"பரணைப் பார்த்தேன்" என்றபடி கணவன் நிலைப்படியில் வந்து நின்றான். சட்டையெல்லாம் ஃபைபர் தூள். "மனசே கேக்காம பாதி வேலையில வந்தேன். காலைக் காணோம். எங்க கொண்டு போனே?" அப்புறம்தான் மற்ற இரண்டு பேரைப் பார்த்தான். "இவங்க யாரு?"

அவசரம் சட்டென்று அவளுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றான்.

"நான் உடைஞ்ச சாமான் பார்க்கறவன்" என்றார் விரிசல்காரர் சாதாரணமாக. "ஒரு சின்ன உதவி பண்ணுங்க. இந்த ரெண்டு ட்யூப்லேருந்தும் கொஞ்சம் எடுத்து இந்த அட்டையில கலந்து காட்டுங்க."

"எதுக்கு?"

"கலந்து காட்டுங்க. அப்புறம் சொல்றேன்."

கணவன் மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தில் என்ன கண்டானோ, ட்யூப்களை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். வெள்ளையைப் பிதுக்கினான். அதே அளவு கறுப்பைப் பிதுக்கினான். குச்சியால் கலக்க ஆரம்பித்தான். கறுப்பும் வெள்ளையும் சுருள் சுருளாகப் பின்னிக்கொண்டன.

"போதும், விடுங்க" என்றார் விரிசல்காரர்.

"இருங்க சார், இன்னும் கலக்கலை."

"பரவாயில்லை, போதும்."

"எப்படி சார் போதும்? கோடு தெரியுதே!" அவன் குச்சி நிற்கவில்லை. ஓரத்தை வழித்து நடுவுக்குக் கொண்டுவந்து, மறுபடி ஓரத்துக்குத் தள்ளி, மொத்தமும் ஒரே சாம்பல் நிறமாக ஆன பிறகுதான் அவன் கை நின்றது. "கோடு போற வரைக்கும் கலக்கணும். அதுக்குத்தானே ஒண்ணைக் கறுப்பாவும் ஒண்ணை வெள்ளையாவும் பண்ணி வெச்சிருக்கான்."

"ஆமா. உடைஞ்ச காலைப் பார்த்தப்போ உங்களுக்கு ஏன் மூஞ்சி வெளிறிச்சு?"

அவன் தலையைக் குனிந்தான். "என் பசைன்னு பார்த்ததுமே தெரிஞ்சுது. இந்த வீட்ல இதைத் தொடறது நான் ஒருத்தன்தான். ஏற்கெனவே அந்தக் கால் போனதே என்னாலதான். இப்போ இதுவும் என் பசையால உடைஞ்சிருக்குன்னா யாரு நம்புவா? இவ நம்புவாளா?" குச்சியை அட்டையின்மேல் வைத்தான். "பயந்துட்டேன் சார். அவ்வளவுதான்."

"நல்லா நடிக்கறார் அத்தான்" என்று அவசரம் முணுமுணுத்தான். "தெரிஞ்சே கோடு கோடா விட்டிருக்கலாமே?"

"விட்டிருக்கலாம். ஆனா இதைப் பாரு." விரிசல்காரர் கார்பன் கிண்ணத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "ஒட்டறதுக்கு முன்னாடி பழைய பசையைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுக் குறுக்கும் நெடுக்குமாத் தேய்ச்சிருக்காங்க. அருமையான வேலை. எண்ணெய்ப் பிசுக்கு துளி இல்ல. குழாய் ஒரு மயிரிழை சாயாம நேரா நிக்குது. வேலை தெரிஞ்ச கை. சுண்டு விரலை உள்ள விடு. எதுவரைக்கும் வழவழப்பு இல்லாம சொரசொரன்னு இருக்கு?"

அவசரம் விரலை விட்டான். "விரல் எட்டற வரைக்கும்."

"அதுக்குக் கீழ?"

எட்டிப் பார்த்தான். "அதுக்குக் கீழ தேன் நிறத்துல பழைய பசை அப்படியே இருக்கு. மேலேருந்து பார்த்தாலே தெரியுதே!"

"கண்ணால பார்த்தா தெரியும். விரலால பார்த்தா தெரியாது." விரிசல்காரர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "தேய்க்கறது, துடைக்கறது, நேரா நிறுத்தறது எல்லாத்தையும் தொட்டுத் தொட்டே செஞ்சுடலாம். அதெல்லாம் பிரமாதமா இருக்கு. நிறம் ஒண்ணாச்சான்னு மட்டும் தொட்டுப் பார்க்க முடியாது. அந்த ஒரு வேலைதான் தப்பாப் போயிருக்கு. இதைச் செஞ்சவங்க உங்களைக் கொல்லப் பார்க்கலைம்மா. காலை உடைச்சுட்டு, பயந்துபோய், தன்னால முடிஞ்ச வரைக்கும் நல்லாவே ஒட்டியிருக்காங்க. அவங்க கைக்கு வேலை தெரியும். கண்ணுதான் தெரியலை."

அவர் தனக்குள் பேசுவதுபோலத் தொடர்ந்தார். "டம்ளருக்குள்ள விரலை விட்டு டீ ஊத்தினார். அப்பவே எனக்குச் சந்தேகம். ஆனா வண்டி ஓட்டற மனுஷன்னு சொன்னீங்க. கண்ணு தெரியாதவர் எப்படி அத்தனை சிக்னலைத் தாண்டி..."

அவளுக்குக் காது அடைத்தது. தெருமுனை வரைக்கும் கேட்கும் ஒரு சின்னக் குரல், பச்சை, பச்சை, சிவப்பு, சிவப்பு என்று. தினமும் நின்று ரசித்த பாட்டு.

"குட்டிதான் சொல்றா" என்றாள். தன் குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல இருந்தது. "சிக்னலை அவதான் சொல்றா. விளையாட்டுன்னு நினைச்சேன். சார், வேன்ல இப்போ எல்லாக் குழந்தைங்களும் ஏறிட்டிருக்கும்!"

*

மாமனாரின் நம்பரைக் கணவன் அழுத்தினான். சமையலறை அலமாரியில் போன் மணி அடித்தது. அதை அவர் அங்கேயே விட்டுப் போயிருந்தார். பள்ளிக்கு அழைத்தால் லைன் கிடைக்கவில்லை. "நான் அடிச்சுக்கிட்டே இருக்கேன், நீங்க போங்க!" என்று அவசரம் கத்தினான். அன்றைக்கு அவன் அவசரம் யாருக்கும் சிரிப்பை வரவழைக்கவில்லை.

கணவன் கீழே பைக்கை எடுத்துவிட்டான். அவள் எப்படிப் படியிறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

"நீ இரு. நான் போய்..."

"நானும் வரேன்."

ஊன்றுகோல்களை மடியில் குறுக்கே போட்டுக்கொண்டு, விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவன் பின்னால் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்ததும் உடம்பு முழுக்க அந்தப் பழைய நாள் வந்து நின்றது. லாரியின் சத்தமும் தார் வாசனையும்கூட. அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அவன் முதுகும் நடுங்குவது அவள் கைக்குத் தெரிந்தது. திருப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் வேன் ஒன்று எங்கோ மோதுவதுபோலத் தெரிந்தது. திறந்துகொண்டாள்.

பள்ளி வாசலில் மஞ்சள் வேன் நின்றிருந்தது. ஜன்னல் முழுக்கத் தலைகள். கதவைச் சாத்திவிட்டார்கள். எஞ்சின் உறுமியது. கணவன் பைக்கை நிறுத்துவதற்குள் அவள் இறங்கிவிட்டாள். ஊன்றுகோலை ஊன்றி, ஒற்றைக் காலில் தத்தி, வேனுக்கு நேர் முன்னால் போய் நட்ட நடுவில் நின்றாள்.

"மாமா! நிறுத்துங்க!"

எஞ்சின் சத்தத்தில் குரல் கரைந்தது. வேன் நகர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மாமனாரின் முகம் தெரிந்தது. நேராக அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆளில்லாத சாலையைப் பார்க்கும் முகம். வேன் அவளை நோக்கி, மெதுவாக, நிதானமாக வந்தது. அப்படியொரு பயத்தை அவள் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

"தாத்தா! அம்மா! முன்னாடி அம்மா!"

முன் சீட்டிலிருந்து வந்த அந்த அலறலில் பிரேக் கிறீச்சிட்டது. முகப்புத் தகடு அவள் ஊன்றுகோலில் இடித்து நின்றது. கணவன் பின்னாலிருந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

*

ஆசிரியைகள் குழந்தைகளை இறக்கி உள்ளே கூட்டிப் போனார்கள். விரிசல்காரரும் அவசரமும் வந்து சேர்ந்தபோது மாமனார் வேனின் படியில் உட்கார்ந்திருந்தார். வேன் சாவி அவர் மகன் கையில் இருந்தது. விரிசல்காரர் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நடுவுலயா, ஓரத்துலயா?" என்று மட்டும் கேட்டார்.

"நடுவுல" என்றார் மாமனார். "சாம்பல் வட்டம் மாதிரி. ஓரமெல்லாம் நல்லாத் தெரியும். நேராப் பார்த்தா ஒண்ணும் இருக்காது. முதல்ல வண்டிக் கண்ணாடியில அழுக்குன்னு நினைச்சேன். துடைச்சுத் துடைச்சுப் பார்த்தேன்."

"காலை எப்படி உடைச்சீங்க?"

"போன மாசம் ஒரு நாள் இவ குளிக்கப் போயிருந்தா. காலைக் கழட்டிக் கட்டில் பக்கத்துல சாய்ச்சு வெச்சிருக்கா. எப்பவும் வெக்கற இடம்தான். நான் துணி எடுக்கப் போனவன் அது மேலயே விழுந்தேன். மடக்குன்னு ஒரு சத்தம். எனக்கு உசிரே போச்சு." அவர் கைகளை விரித்துப் பார்த்தார். "எத்தனை வண்டிக்குப் பாடி ஒட்டியிருக்கேன் இந்தக் கையால. இது முடியாதான்னு நினைச்சேன். அவ தலை துவட்டி வர்றதுக்குள்ள உறையை மாட்டி எடுத்துட்டுப் போய்ட்டேன். பட்டறையில சின்ன ரிப்பேர்னு சொல்லி மறுநாள் கொடுத்தேன். நானே அது மேல ஏறி நின்னு பார்த்தேன்மா. தாங்கிச்சு."

ஆமாம், சொன்னார். உறையில் ஏதோ கிழிசல் என்று நினைத்து அவளும் நன்றி சொல்லி வாங்கி மாட்டிக்கொண்டாள்; அதை இந்த உடைசலோடு சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

"சொல்லியிருக்கலாமேப்பா" என்றான் மகன்.

"சொன்னா, எப்படி விழுந்தீங்கன்னு கேப்பீங்க. அப்புறம் வண்டியைத் தொட விடுவீங்களா? வண்டி இல்லாம நான் யாரு?" மகன் கையிலிருந்த சாவியின் பக்கம் திரும்பினார். "முந்தாநாள் அவ விழுந்தான்னு கேட்டதிலேருந்து ஒரு வாய் சோறு இறங்கலை. இருந்தும் வாயைத் திறக்கலை. அப்படி ஒரு கோழை நான்."

மகள் ஆசிரியையின் கையை விட்டுவிட்டு ஓடி வந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் மகளின் முதுகைத் தடவிக்கொண்டே, "உனக்குத் தெரியுமா குட்டி, தாத்தாவுக்குக் கண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்" என்றது மடிக்குள்ளிருந்து குரல். "தாத்தா விளையாட்டுன்னுதான் சொன்னார். ஆனா எனக்குத் தெரியும். நான் தப்பாச் சொல்லிட்டா எல்லாரும் செத்துப் போயிடுவோம் இல்லம்மா? தினமும் பயமா இருக்கும். அதான் சத்தமாப் பாடுவேன்."

மாமனார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவசரம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். விரிசல்காரர் எழுந்து சற்றுத் தள்ளிப் போய் நின்றார். உடைசல் எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிப்பதோடு அவர் வேலை முடிந்துவிடும். அதற்கு மேல் அவருக்குத் தெரிந்த மருந்து எதுவும் இல்லை.

"உங்களைத்தான் நினைச்சேன்" என்றாள் அவள் கணவனிடம், தாழ்ந்த குரலில்.

"தெரியும். நீ டீயை மோந்து பார்த்துட்டுக் குடிச்சப்பவே தெரியும்" என்றான் அவன். "என்னன்னு சொல்லி உன்னைத் தேத்தறதுன்னுதான் தெரியலை."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மாமனார் முன்னால் போய் நின்றாள். அவர் தலை நிமிரவில்லை.

"மாமா, நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன். ஆனா இன்னிக்கு என்கிட்ட எதுவும் பேசாதீங்க. என்னால முடியாது. குட்டி சொன்னதைக் கேட்டுட்டு என்னால முடியாது."

அவர் தலையசைத்தார். பிறகு மெதுவாக முகத்தைத் தூக்கி, அவளைப் பார்க்காமல், அவள் தோளுக்கு அப்பால் மதில் சுவரைப் பார்த்தார்.

கொஞ்ச காலமாகவே அவர் அவளிடம் இப்படித்தான் பேசிவந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. காலில்லாத மருமகளைப் பார்க்க மனசு வரவில்லை என்று அவள் நினைத்திருந்தாள். யாரிடமும் சொல்லாமல் அதற்காக அழுததும் உண்டு.

இப்போது அவர் கண்களில் நீர் நிறைந்து வழிந்தது. மதில் சுவரையே பார்த்தபடி, ஓரக்கண்ணில் தெரிந்த அவள் முகத்தை, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.